ஒரே புள்ளி, வேறு வேறு இடம்: இணையச் சுற்றுப்போட்டிகளின் டை-பிரேக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு போயா நாளும் பின்னேரம் நாங்கள் முப்பது பேர் வரை இணையத்தில் செஸ் ஆடுகிறோம். இடையிடையே ஒரு ஞாயிறு ஸ்கிராபிள், மழைக்காலத்தில் கட்டான் என்ற மேசை விளையாட்டு. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை, வத்தளை என்று ஆட்கள் ஆங்காங்கே இருந்து சேருவார்கள். கடைசிச் சுற்று முடிந்து ஐந்து நிமிடம் ஆகாது, வாட்சப்பில் ஒரு குரல் வந்து விழும்: "அண்ணா, எனக்கும் அவருக்கும் ஒரே புள்ளி. நான் எப்படிக் கீழே?" இதே விளக்கத்தை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இனிக் கேட்பவர்களுக்கு இந்தப் பக்கத்தை அனுப்பிவிடலாம் என்று எழுதி வைக்கிறேன்.

டை-பிரேக் என்பது சரியாக என்ன?

சமமாக நிற்கும் இருவரில் யார் முன்னே என்று முடிவு செய்ய வைத்திருக்கும் இரண்டாவது கணக்கு. ஆனால் "சமம்" என்பதில் மூன்று வகை இருக்கிறது. இவற்றைக் கலந்து கதைப்பதால்தான் பாதிக் குழப்பம்.

ஒரே மேசையில் ஆட்டம் முடியும்போது இருவரும் சம புள்ளியில் நிற்பது ஒன்று. அதற்கு அந்த விளையாட்டின் விதிப்புத்தகமே பதில் சொல்லும். நொக்கவுட் சுற்றில் இருவர் சமமாக முடித்து, ஒருவர்தான் மேலே போகலாம் என்ற நிலை இன்னொன்று. அங்கே பெரும்பாலும் மேலதிக ஆட்டம் வைப்பார்கள். மூன்றாவது, பல சுற்று ஆடி முடித்த பிறகு பட்டியலில் இரண்டு, மூன்று, சிலவேளை ஏழு பேர் ஒரே புள்ளியில் நிற்பது. எனக்கு வரும் முறைப்பாடுகள் அனேகமாக எல்லாம் இந்த மூன்றாவதைப் பற்றியவை. இங்கேயும் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

எனக்கும் அவருக்கும் 4 புள்ளி. நான் ஏன் அவருக்குக் கீழே?

இதற்குக் கணக்குப் போட்டுத்தான் காட்ட வேண்டும். ஆட்களின் பெயர் வேண்டாம், ஊரின் பெயரால் அழைப்போம். ஐந்து சுற்று செஸ் போட்டி. வெற்றிக்கு 1, சமநிலைக்கு அரை. 4 புள்ளியில் சிலர் நிற்கிறார்கள். அவர்களில் வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் மட்டும் எடுப்போம்.

வெள்ளவத்தை நாலு ஆட்டம் வென்றார், ஒன்றில் தோற்றார். அவர் வென்ற நால்வரும் போட்டி முடிவில் எடுத்த புள்ளிகள் 1, 2.5, 3, 3. அவரைத் தோற்கடித்தவர்தான் போட்டியின் சம்பியன், 5 புள்ளி. கொட்டாஞ்சேனை ஒன்றிலும் தோற்கவில்லை. மூன்று வெற்றி, இரண்டு சமநிலை. அவர் வென்றவர்களின் புள்ளிகள் 2, 2.5, 3. சமநிலை செய்தவர்களின் புள்ளிகள் 3, 3.5.

முதலில் புக்ஹோல்ட்ஸ் முறை. உங்களோடு ஆடிய எல்லோரும் எடுத்த புள்ளிகளை, நீங்கள் வென்றீர்களா தோற்றீர்களா என்று பார்க்காமல் அப்படியே கூட்டுவது. வெள்ளவத்தைக்கு 1, 2.5, 5, 3, 3, ஆக 14.5. கொட்டாஞ்சேனைக்கு 2, 3, 2.5, 3, 3.5, ஆக 14. வெள்ளவத்தை முன்னே.

அடுத்தது சொன்னபோர்ன்-பெர்கர். நீங்கள் வென்றவர்களின் புள்ளி முழுதாகச் சேரும், சமநிலை செய்தவர்களின் புள்ளியில் பாதி சேரும், தோற்ற ஆட்டத்துக்கு ஒன்றுமில்லை. வெள்ளவத்தைக்கு 1, 2.5, 3, 3, ஆக 9.5. சம்பியனிடம் தோற்றதால் அந்த 5 இங்கே உதவவில்லை. கொட்டாஞ்சேனைக்கு வெற்றிகளில் 7.5, சமநிலைகளில் 1.5 உம் 1.75 உம், ஆக 10.75. இப்போது கொட்டாஞ்சேனை முன்னே.

அதே ஆட்டங்கள், அதே முடிவுகள். கணக்கை மாற்றினால் ஆள் மாறுகிறார். "நான் எப்படிக் கீழே?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில், "இந்தப் போட்டியில் எந்தக் கணக்கு என்று முதலே சொன்னோமோ, அந்தக் கணக்கில் நீங்கள் கீழே" என்பதுதான். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அவர் உங்களைவிடச் சிறந்த ஆட்டக்காரர் என்று அந்தத் தசமம் சொல்லவில்லை.

அப்படியென்றால் இரண்டில் எது நியாயமான முறை?

இரண்டுக்கும் ஒரு வாதம் இருக்கிறது. புக்ஹோல்ட்ஸ் கேட்பது, "உனக்குக் கிடைத்த எதிராளிகள் எவ்வளவு கடினமானவர்கள்?" சொன்னபோர்ன்-பெர்கர் கேட்பது, "கடினமானவர்களிடம் நீ எவ்வளவு பிடுங்கினாய்?" சுவிஸ் முறையில் எல்லோரும் எல்லோருடனும் ஆடுவதில்லை. ஏறத்தாழ ஒரே புள்ளியில் நிற்பவர்களைச் சேர்த்து அடுத்த சுற்று ஆடவிடுவார்கள். 1895 இல் சூரிச்சில் முதலில் பயன்பட்டதால் வந்த பெயர் அது. அப்படி ஆடும்போது ஒருவருக்கு முதல் சுற்றிலேயே பலமான ஆள் அகப்படுவார், இன்னொருவர் கடைசிவரை இலேசான பாதையில் போய்விடுவார். அந்த அதிர்ஷ்டத்தைச் சரிக்கட்ட புக்ஹோல்ட்ஸ் பொருத்தம் என்பது என் கட்சி.

ஆனால் எல்லோரும் எல்லோருடனும் ஆடும் லீக்கில் புக்ஹோல்ட்ஸ் ஒன்றுக்கும் உதவாது. எட்டுப் பேர் லீக்கில் மொத்தம் 28 ஆட்டம், 28 புள்ளி. நீங்கள் 5 எடுத்திருந்தால் உங்கள் எதிராளிகள் எல்லோரும் சேர்ந்து 23. பக்கத்தில் 5 எடுத்து நிற்பவருக்கும் அதே 23. அங்கே சொன்னபோர்ன்-பெர்கர்தான் கைகொடுக்கும்.

இந்தப் பெயர்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன?

புரூனோ புக்ஹோல்ட்ஸ் ஒரு ஜெர்மானியர். 1932 இல் தன் முறையை முன்வைத்தார். மற்றதன் கதை கொஞ்சம் வேடிக்கை. வென்றவர்களின் புள்ளியைக் கூட்டும் யோசனை 19 ஆம் நூற்றாண்டிலேயே புழக்கத்தில் இருந்தது. 1882 இல் அதை எழுதி முன்வைத்த நொய்ஸ்டாட்லின் பெயரால் சிலர் இன்றும் அதை அழைக்கிறார்கள். சொன்னபோர்னும் பெர்கரும் அதைக் கண்டுபிடித்தவர்கள் அல்ல, குறை சொன்னவர்கள். குறை சொன்னவர்களின் தலையிலேயே பெயர் ஒட்டிக்கொண்டது. சுற்றுப்போட்டி நடத்துகிறவனுக்கு இது ஒரு எச்சரிக்கை என்று நினைத்துக்கொள்வேன்.

என் ஆட்டம் முடிந்துவிட்டது. பிறகும் என் டை-பிரேக் ஏன் ஏறி இறங்குகிறது?

உங்கள் கணக்கு இப்போது உங்கள் கையில் இல்லை. நீங்கள் முன்பு ஆடியவர்களின் கையில் இருக்கிறது. முதல் சுற்றில் நீங்கள் தோற்கடித்த பொடியன் கடைசிச் சுற்றில் யாரையாவது வென்றால் உங்கள் எண் ஏறும். அவன் தோற்றால் ஏறாது, பக்கத்தில் உள்ளவரின் எண் ஏறி உங்களைத் தாண்டிவிடலாம். எனவே கடைசி மேசை முடியும்வரை பட்டியலைப் படம்பிடித்துக் குழுவில் போடாதீர்கள். ஒருமுறை ஒருவர் மூன்றாமிடம் என்று படம் போட்டு, வாழ்த்துகள் எல்லாம் வந்து குவிந்து, பத்து நிமிடத்தில் ஐந்தாமிடம் ஆனார். பாவம், அடுத்த போயாவுக்கு அவர் வரவில்லை.

இதில் ஒரு நல்ல பக்கமும் உண்டு. கடைசி மேசைகளில் ஆடும் இரண்டு சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தை முன்னணியில் நிற்கும் பெரியவர்கள் வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது டை-பிரேக்கால் மட்டும்தான் நடக்கும்.

என்னோடு ஆடியவர் இரண்டாம் சுற்றோடு காணாமல் போய்விட்டார். அதற்கு நான் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

நியாயமான கோபம். மண்டபத்தில் நடக்கும் போட்டியைவிட இணையத்தில் இது அதிகம். மண்டபத்துக்கு பஸ் பிடித்து வந்தவர் இரண்டு தோல்விக்காக எழுந்து போகமாட்டார். வீட்டில் இருப்பவருக்கு ஒரு சொடுக்குப் போதும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததே, அந்த நாட்களில் எங்கள் போட்டிகளில் பாதிப் பேர் சொல்லாமலே மறைந்தார்கள். யாரைக் கோபிப்பது? ரவுட்டருக்கு பற்றரி வாங்கி வைத்தவர்கள்தான் பரிசு எடுத்தார்கள்.

மறைந்தவரின் புள்ளி அப்படியே நின்றுவிடும். அவரை வென்ற உங்களுக்கு புக்ஹோல்ட்ஸில் வர வேண்டியது வராது. இதற்கு மூன்று வைத்தியம் இருக்கிறது. ஒன்று, உங்கள் எதிராளிகளில் மிகக் குறைந்த புள்ளி எடுத்தவரைக் கணக்கில் இருந்து நீக்குவது. இதை புக்ஹோல்ட்ஸ் கட் 1 என்பார்கள். மேலே சொன்ன உதாரணத்தில் வெள்ளவத்தைக்கு 1 புள்ளிக்காரர் கழிந்து 13.5, கொட்டாஞ்சேனைக்கு 2 புள்ளிக்காரர் கழிந்து 12. இரண்டு, மேலிருந்து ஒருவரையும் கீழிருந்து ஒருவரையும் சேர்த்து நீக்குவது. மூன்று, அவர் ஆடாமல் விட்ட சுற்றுகளை, உங்கள் டை-பிரேக்குக்காக மட்டும், சமநிலை போல எண்ணிக்கொள்வது. நாங்கள் கட் 1 வைத்திருக்கிறோம். எல்லோருக்கும் ஒருவராவது ஓடிப்போகிறார் என்ற அனுபவத்தில் எடுத்த முடிவு.

எனக்கு எதிராளியே கிடைக்காமல் "பை" கிடைத்தால்?

ஆட்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் ஒருவர் சும்மா இருக்க வேண்டி வரும். அவருக்கு முழுப் புள்ளி கொடுப்பது வழக்கம். லிசெஸ் தளத்தின் சுவிஸ் போட்டிகளில் அப்படித்தான். பிந்தி வந்து சேருபவருக்கு அங்கே ஒரேயொரு அரைப்புள்ளி பை, அவர் எத்தனை சுற்றைத் தவறவிட்டிருந்தாலும். டை-பிரேக்குக்கு அங்கே சேர்க்க உண்மையான எதிராளி இல்லாததால் பல மென்பொருட்கள் ஒரு கற்பனை எதிராளியை வைத்துக் கணக்குப் பார்க்கும். ஒரு பையால் பெரிதாக இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

நான் அவரை நேரடியாகத் தோற்கடித்தேன். அது போதாதா?

இருவர் மட்டும் சமமாக நின்று, இருவரும் ஒருவரோடு ஒருவர் ஆடியும் இருந்தால் இதைவிடத் தெளிவான நியாயம் இல்லை. நேரடி மோதல் என்ற இந்த விதியைப் பல போட்டிகள் முதலாவதாகவே வைத்திருக்கின்றன. ஆனால் மூவர் சமமாக நின்றால் பாருங்கள். பம்பலப்பிட்டி தெஹிவளையை வென்றார், தெஹிவளை வத்தளையை வென்றார், வத்தளை பம்பலப்பிட்டியை வென்றார். பாம்பு தன் வாலைத் தானே விழுங்கியது போல ஆகிவிடும். சுவிஸில் இருவர் சந்தித்தே இருக்காமலும் போகலாம். அப்போது இந்த விதியைத் தாண்டி அடுத்ததற்குப் போவோம்.

பேசாமல் அதிகம் வென்றவரை முன்னே வைத்தால் என்ன?

வைக்கிறார்கள். 2013 இல் லண்டனில் உலகச் சம்பியனுக்குச் சவால்விடும் ஆளைத் தெரிவு செய்யும் கண்டிடேட்ஸ் போட்டி நடந்தது. கார்ல்சனும் கிராம்னிக்கும் 14 சுற்றில் 8.5 எடுத்துச் சமமாக முடித்தார்கள். கடைசிச் சுற்றில் இருவருமே தோற்றார்கள். தமக்குள் ஆடிய இரண்டும் சமநிலை. அடுத்த விதி, யார் அதிகம் வென்றார் என்பது. கார்ல்சன் 5, கிராம்னிக் 4. அந்த ஒரு வெற்றிதான் கார்ல்சனை அதே ஆண்டு நவம்பரில் சென்னைக்கு அனுப்பியது. அங்கே என்ன நடந்தது என்பது ஆனந்த் ரசிகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த விதியின் நோக்கம், பயந்து பயந்து சமநிலை செய்பவரைவிடத் துணிந்து ஆடுபவருக்குக் கூடுதல் மதிப்புக் கொடுப்பது. மறுபக்கம், அதிகம் வென்றவர் அதிகம் தோற்றும் இருப்பார் அல்லவா? இரண்டும் ஒரே புள்ளிதானே. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது இலகுவில் விளங்கும். 2019 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் 241 க்கு 241, சூப்பர் ஓவரில் 15 க்கு 15, கடைசியில் 26 க்கு 17 என்று பவுண்டரியை எண்ணி இங்கிலாந்துக்குக் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். எல்லைக்கோட்டைத் தாண்டிய ஓட்டம் ஓடி எடுத்த ஓட்டத்தைவிடப் பெரிதா? அந்த விதியைப் பிறகு அவர்களே எடுத்துவிட்டார்கள்.

லிசெஸில் அரீனா போட்டி ஆடினேன். அங்கே புக்ஹோல்ட்ஸ் எதுவும் காணவில்லையே?

அரீனாவில் சுற்று என்று ஒன்றே இல்லை. குறித்த நேரம் முடியும்வரை ஓர் ஆட்டம் முடிந்தவுடன் அடுத்ததற்கு ஓடிக்கொண்டே இருப்பீர்கள். வெற்றிக்கு 2, சமநிலைக்கு 1. அடுத்தடுத்து இரண்டு வென்றால் பெயருக்குப் பக்கத்தில் நெருப்பு எரியும். அதன் பிறகு வெல்லாமல் விடும்வரை எல்லாம் இரட்டிப்பு. நாலு தொடர் வெற்றிக்கு 2, 2, 4, 4, ஆக 12. இரண்டு வெற்றியும் பிறகு ஒரு சமநிலையும் என்றால் 2, 2, 2, ஆக 6. ஆட்டத் தொடக்கத்தில் உங்கள் நேரத்தில் பாதியை விட்டுக்கொடுத்து வென்றால் மேலதிகமாக 1.

இப்படிப் புள்ளிகள் சிதறுவதால் சமமாக முடிவது குறைவு. முடிந்தால் யாருடைய ஆட்டத்திறன் மதிப்பீடு கூடவோ அவர் முன்னே. அதாவது எவ்வளவு பலமான ஆட்களோடு ஆடி என்ன முடிவு எடுத்தார் என்ற கணக்கு. அதே தளத்தின் சுவிஸ் போட்டிகளில் சொன்னபோர்ன்-பெர்கர். ஒரே தளம், இரண்டு வகைப் போட்டி, இரண்டு விதி. சேரும்போது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் டிபி1, டிபி2, டிபி3 என்று இருக்கிறதே?

முதல் டை-பிரேக், இரண்டாவது, மூன்றாவது. முதலாவதில் பிரிந்துவிட்டால் மற்ற இரண்டையும் யாரும் பார்ப்பதில்லை. செஸ்-ரிசல்ட்ஸ் தளத்தில் பட்டியலின் அடியில் எது எந்த முறை என்று குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பைப் படிக்காமல் எனக்குத் தகவல் அனுப்புபவர்களுக்கு நான் அதைத்தான் திருப்பி அனுப்புவேன்.

செஸ் தவிர்ந்த விளையாட்டுகளில்?

ஸ்கிராபிளில் விடயம் சுலபம். முதலில் வெற்றிகள், பிறகு ஸ்பிரெட். நீங்கள் வென்ற வித்தியாசங்களைக் கூட்டி, தோற்ற வித்தியாசங்களைக் கழித்தால் வருவது. கிரிக்கெட்டின் ஓட்ட வீதத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதனால் தோற்கப்போகிற ஆட்டத்திலும் கடைசி எழுத்துவரை போராட வேண்டும். 120 இல் தோற்பதும் 20 இல் தோற்பதும் ஒன்றல்ல. பலமற்ற ஒருவரை ஒருவர் நானூறு வித்தியாசத்தில் நசுக்கி ஸ்பிரெட்டை ஊதிப் பெருக்குவது எனக்குப் பிடிப்பதில்லை. அதனால் எங்கள் போட்டியில் ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறோம்.

கட்டானில் மேசையில் சமநிலையே வராது. தன் முறையில் யார் முதலில் 10 புள்ளியை எட்டுகிறாரோ அவரோடு ஆட்டம் முடிந்துவிடும். ஆனால் மூன்று சுற்று ஆடிய பிறகு பட்டியலில் பலர் ஒரே எண்ணிக்கை வெற்றியோடு நிற்பார்கள். நாங்கள் அடுத்து எல்லாச் சுற்றிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டுகிறோம். அதுவும் சமமானால், மேசையில் இருந்த மொத்தப் புள்ளிகளில் அவர் எடுத்த பங்கு எத்தனை வீதம் என்று பார்க்கிறோம். டிக்கெட் டு ரைட் என்ற ரயில்பாதை விளையாட்டில் மேசையிலேயே சமமானால் யார் அதிகம் பயணச்சீட்டுகளை முடித்தாரோ அவர். அதிலும் சமமென்றால் மிக நீளமான பாதையின் அட்டையை வைத்திருப்பவர். இதையெல்லாம் போர்ட் கேம் அரீனா போன்ற தளங்கள் தாங்களே கணக்குப் பார்த்துவிடும்.

கரம் ஆடியவர்களுக்கு டை-பிரேக் புதிதல்ல. 25 புள்ளி, இல்லையென்றால் எட்டு போர்ட். எட்டும் முடிந்து சமமானால் இன்னொரு போர்ட். எந்தக் கூட்டலும் வேண்டாம், ஸ்ட்ரைக்கரை எடு, அடி. சிலவேளை அந்த எளிமைக்காக ஏங்குவேன்.

கடைசிச் சுற்றுக்கு முன் நான் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். 2023 செப்டம்பர் 5, லாகூர். ஆசியக் கிண்ணத்தில் இலங்கை 291 எடுத்தது. ஆப்கானிஸ்தான் அடுத்த சுற்றுக்குப் போக வேண்டுமானால் 37.1 ஓவரில் 292 எடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். 37 ஓவர் முடிய 289. அடுத்த பந்தில் விக்கெட் விழுந்தது. மறுமுனையில் ரஷீத் கான் குனிந்து உட்கார்ந்துவிட்டார். எல்லாம் முடிந்தது என்றுதான் தொலைக்காட்சியின் முன்னால் நாங்களும் நினைத்தோம். ஆனால் முடியவில்லை. 37.4 ஓவருக்குள் 295 ஐ எட்டினாலும் ஓட்ட வீதத்தில் அவர்கள் முந்தியிருப்பார்கள். ஒரு ஓட்டம் எடுத்து ரஷீதிடம் பந்தைக் கொடுத்து அவர் ஒரு சிக்ஸ் அடித்திருந்தால் போதும். அது தெரியாமல் கடைசி ஆட்டக்காரர் இரண்டு பந்தைத் தடுத்து ஆடிவிட்டு ஆட்டமிழந்தார். இலங்கை 2 ஓட்டத்தால் வென்றது. அதே கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் கெத்தாராமவில் நாங்கள் 50 ஓட்டத்தோடு சுருண்டது வேறு கதை, அதை விடுங்கள்.

சமநிலை செய்தால் போதுமா, வென்றே ஆக வேண்டுமா என்பது உங்கள் டை-பிரேக்கைப் பொறுத்தது. எதிரில் நிற்பவரைவிட உங்கள் எண் பலமானால் சமநிலை கேட்கலாம். ஆனால் லிசெஸின் சுவிஸில் 30 நகர்த்தலுக்கு முன் சமநிலை கேட்க முடியாது. ஆடிய பிறகுதான் கேட்க வேண்டும்.

இவ்வளவு கணக்கு எதற்கு? இருவரையும் இன்னோர் ஆட்டம் ஆடவிட்டால் என்ன?

இருவர் என்றால் நல்ல யோசனை. 2025 தொடக்கத்தில் வைக் ஆன் சேயில் பிரக்ஞானந்தாவும் குகேஷும் 8.5 எடுத்துச் சமமாக நின்றபோது பிளிட்ஸ் என்ற அதிவேக ஆட்டம் ஆடித்தான் பிரக்ஞானந்தா கிண்ணத்தை எடுத்தார். இரண்டு ஆட்டமும் ஆளுக்கு ஒன்றாகப் போய், மூன்றாவதில்தான் முடிந்தது. சென்னைப் பிள்ளைகள் இருவர் நெதர்லாந்தில் அப்படி மல்லுக்கட்டியதைப் பார்த்தவர்கள் தசமத்தால் முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லமாட்டார்கள்.

ஆனால் நாலாம் இடத்துக்கு ஏழு பேர் நின்றால்? போயா முடிந்து மறுநாள் வேலை. இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒருவரையும் பிடித்து வைக்க முடியாது. பெரிய போட்டிகளுக்கும் இதே நெருக்கடிதான். 2022 இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட்டில் உஸ்பெகிஸ்தானும் ஆர்மீனியாவும் 19 புள்ளியில் சமம். தங்கம் டை-பிரேக்கில் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. பெண்கள் பிரிவிலும் உக்ரைனும் ஜார்ஜியாவும் அப்படியே சமம். அங்கேயும் உக்ரைனுக்குத் தங்கம் கணக்கில்தான் வந்தது. எங்கள் வழக்கம், முதலிடத்துக்கு மட்டும் மேலதிக ஆட்டம், மற்ற இடங்களுக்குக் கணக்கு.

மேலதிக ஆட்டமும் சமநிலையானால் ஆர்மகெடான் வைப்போம். வெள்ளைக்கு நேரம் அதிகம், கறுப்புக்குக் குறைவு. ஆனால் சமநிலை வந்தால் கறுப்பு வென்றதாகும். கொடூரமானதுதான், ஆனால் கட்டாயம் முடியும்.

நடுவில் கனெக்‌ஷன் போய்த் தோற்றேன். டை-பிரேக்கில் ஏதாவது சலுகை?

எங்கள் போட்டியில் இல்லை. கடிகாரம் ஓடும், போனால் போனதுதான். யாருடைய லைன் உண்மையில் போனது, யார் பிளக்கைப் பிடுங்கினார் என்று இங்கே இருந்து என்னால் பார்க்க முடியாது. உலக மட்டத்தில் ஒருமுறை வேறு மாதிரி முடிவு வந்தது. 2020 ஓகஸ்ட் 30, இணைய ஒலிம்பியாட் இறுதிச்சுற்று, இந்தியாவும் ரஷ்யாவும். இரண்டாம் சுற்றில் நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் தொடர்பு அறுந்து நேரத்தில் தோற்றார்கள். அன்று உலகம் முழுக்க இணையக் கோளாறு என்பது உறுதியானதால் இரு நாடுகளுக்கும் தங்கம் என்று அறிவித்தார்கள். வெள்ளவத்தையில் ஒரு வீட்டு ரவுட்டர் அணைந்ததற்கு இதை முன்னுதாரணமாகக் காட்ட வேண்டாம். காட்டியிருக்கிறார்கள்.

போட்டி நடத்துபவர் விதியை நடுவில் மாற்றலாமா?

கூடாது. இதை நான் தவறு செய்து கற்றேன். எங்கள் மூன்றாவது போட்டியில் டை-பிரேக் என்னவென்று அறிவிக்கவே மறந்துவிட்டேன். இரண்டாம் இடத்தில் மூவர். மென்பொருள் தன் பாட்டுக்கு ஒரு வரிசையைக் காட்டியது. ஒருவர் நேரடி மோதல் என்றார், ஒருவர் வெற்றிகளை எண்ணச் சொன்னார், மூன்றாமவர் புக்ஹோல்ட்ஸ் என்றார். ஒவ்வொருவரும் தாங்கள் முன்னே வரும் கணக்கைத்தான் நியாயம் என்றார்கள், ஒவ்வொருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எதைச் சொன்னாலும் நான் ஆளைத் தெரிவு செய்வதாகத்தான் ஆகும். மூவருக்கும் இரண்டாம் இடம் என்று அறிவித்து, மேலதிக பரிசுக் காசை என் கையில் இருந்து போட்டேன். அன்றிலிருந்து முதல் சுற்றுக்கு முன் விதி குழுவில் போகும். ஒரு வரி: கட் 1, பிறகு புக்ஹோல்ட்ஸ், பிறகு சொன்னபோர்ன்-பெர்கர், பிறகு வெற்றிகள்.

அத்தனையும் சமமாக வந்தால்?

அபூர்வம், ஆனால் வரும். சில போட்டிகள் சீட்டுக் குலுக்கும். 2024 டிசம்பர் 31 இரவு நியூயோர்க்கில் உலக பிளிட்ஸ் இறுதியில் கார்ல்சனும் நெபோம்னியாச்சியும் முடியாமல் ஆடி ஆடி, கடைசியில் பட்டத்தை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். அதைத் திட்டியவர்கள் ஏராளம். சமமாக நிற்பவர்கள் சமமென்று ஒத்துக்கொள்வதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் அப்படியொரு வழி உண்டென்று தொடங்கும்போதே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பரிசுக் காசு?

இடத்துக்கு டை-பிரேக், காசுக்கு வேறு விதி வைக்கலாம். இரண்டாம் பரிசு 6,000 ரூபாய், மூன்றாம் பரிசு 4,000 ரூபாய், அந்த இரண்டு இடத்துக்கும் இருவர் சமம் என்று வைப்போம். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 5,000. ஹோர்ட் முறையில் பாதிக் காசு இடத்தின்படி போகும், மீதிப் பாதி சமமாகப் பிரியும். அப்போது முன்னே நிற்பவருக்கு 5,500, மற்றவருக்கு 4,500. நாங்கள் ஹோர்ட் வைத்திருக்கிறோம். கிண்ணம் மட்டும் ஒன்றுதான், அதை டை-பிரேக்கில் முன்னே வந்தவர் வைத்துக்கொள்வார். வாங்கிக்கொள்ள வெள்ளவத்தைக்கு வர வேண்டும், கூரியரில் அனுப்புவதில்லை.